எச்சரிக்கையின் வாயை அடைக்கலாமா?

கணிப்பொறியில் மற்றப் புரோகிராம்களுக்கெல்லாம் அடித்தளமாக ஒரு புரோகிராம் உண்டு. அதற்குக் கெர்னல் என்று பெயர். நினைவகம், வட்டு, விசைப்பலகை யாவற்றையும் மேற்பார்வை செய்வது அதுவே. மற்றப் புரோகிராமில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் அது மட்டும் நிற்கும். கெர்னலில் நேர்ந்தாலோ கணிப்பொறி முழுவதுமே நின்றுவிடக் கூடும்.

ஆகவே, இயக்கிப் பார்க்குமுன்னரே வரிகளைப் படித்துப் பிழை தேடும் கருவிகள் உள்ளன. லினக்ஸ் கெர்னலுக்காக லைனஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் 'ஸ்பார்ஸ்' என்னும் கருவியை எழுதினார். புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் இவ்வாறே எச்சரிக்கும்.

ஓர் உதாரணம் காண்போம். "மாணவி தேர்வு எழுதியிருந்தால் மதிப்பெண்ணைப் பெட்டியில் இடு, பின்பு பெட்டியைப் படி" என்று கட்டளையிடுகிறோம். அவள் தேர்வே எழுதாவிட்டால்? துடைக்காத சிலேட்டில் பழைய கணக்கு நிற்பதுபோல, நினைவகத்தில் முன்பு கிடந்த ஏதோ ஓர் எண் பெட்டியில் இருக்கும். "மதிப்பு இடாமலே படிக்க நேரலாம்" என்று கம்பைலர் எச்சரிக்கும்.

சில வேளைகளில் இது வீண் எச்சரிக்கையாகவும் இருக்கும். அதை அடக்க, 2007-இல் லினக்ஸில் ஒரு குறுக்குவழி சேர்க்கப்பட்டது. அதன் பொருள் "அ = அ" என்பதே! பெட்டியில் எதுவும் மாறாது. கம்பைலர் மட்டும் மௌனமாகிவிடும். பின்னாளில் வரிகள் மாறி, ஆபத்து உண்மையானாலும் சொல்வாரில்லை. மெய்யான பிழைகளையும் மறைத்ததால், 2020-இல் அக்குறுக்குவழி அடியோடு நீக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 2006-இல் டெபியன் குழுவினர், பிழை தேடும் கருவியின் எச்சரிக்கைக்கு இணங்கி, 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்னும் மறையெழுத்துப் புரோகிராமில் சில வரிகளை நீக்கினர். இரகசியச் சாவிகளை ஊகிக்க இயலாதவாறு செய்தவை அவ்வரிகளே! அதனால் ஒவ்வொரு வகைச் சாவியும் ஏறத்தாழ 32,768 விதங்களுக்குள் அடங்கிவிட்டது. 2008-இல்தான் இது வெளிப்பட்டது.

ஒருவர் எச்சரிக்கையை அடக்கினார். மற்றவர் ஆராயாமல் பணிந்தார். இருவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றே: "இது ஏன் சொல்லப்படுகிறது?" பிழையானால் திருத்த வேண்டும், வீண் எச்சரிக்கையானால், அஃது ஏன் வீண் என்பதை அடுத்துப் படிப்பவருக்காக எழுதிவைக்க வேண்டும்.

தோழியரே, இரவில் ஆத்தும சோதனை செய்கையில் மனச்சாட்சியும் நம்மை எச்சரிக்கிறது. "அ = அ" என்று அதன் வாயை அடைக்காமல், பொறுமையுடன் செவிமடுப்போமாக!