ஏ.ஐ. ஏஜென்ட்டுக்கு ஒரு நாணய மாற்று டூல்: விளக்கம் எழுதுவது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எந்த ஒரு புரோகிராமையும் அதன் மெனுவைப் பார்த்துத்தான் பழகிக் கொள்கின்றனர். இப்போது பலரும் பேசும் ஏ.ஐ. ஏஜென்ட்டிற்கு அத்தகைய மெனு தேவையில்லை. நாம் டைப் செய்திடும் கேள்வியைப் படித்து, எந்த உதவிப் புரோகிராமை அழைக்க வேண்டும் என்று அதுவே முடிவு செய்கிறது. இந்த உதவிப் புரோகிராமைத்தான் டூல் என்கிறோம்.

2023 ஜூன் மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மாடல்கள் இவ்வாறு டூல்களை அழைக்கும் வசதியைத் தந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது முறையை வெளியிட்டது. எந்த முறையானாலும், ஒரு டூல் குறித்து ஏஜென்ட்டிற்கு முக்கியமாகக் கிடைப்பவை மூன்று: டூலின் பெயர், சில வரி விளக்கம், அதற்குத் தர வேண்டிய தகவல்களின் பட்டியல். உள்ளே எழுதப்பட்ட புரோகிராம் வரிகளை அது பார்ப்பதில்லை. எனவே நாம் எழுதாமல் விட்டதை அது யூகித்துக் கொள்ளும்.

பழகிப் பார்ப்பதற்காக நான் எழுதிய ஒரு சிறிய டூலையே பாடமாக எடுத்துக் கொள்வோம். ஐரோப்பிய மத்திய வங்கி வெளியிடும் விலைப் பட்டியலைக் கொண்டு, ஒரு நாட்டு நாணயத்தை இன்னொரு நாட்டு நாணயமாகக் கணக்கிட்டுத் தரும் டூல் இது. இதற்கு வேண்டுமென்றே ஒரு மோசமான விளக்கத்தை முதலில் தந்து பார்க்கலாம்: “நாணயத்தை மாற்றும். தொகை, எதிலிருந்து, எதற்கு என்று தரவும்.” புரோகிராம் எழுதுபவருக்கு இது போதும். ஏஜென்ட்டிற்குப் போதாது.

“500 ரூபாய் எத்தனை டாலர்?” என்று ஒருவர் கேட்கிறார். எந்த ரூபாய்? இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், நேபாளம், மொரீஷியஸ் எல்லாவற்றிலும் ரூபாய்தான். டாலரும் அப்படியே, சிங்கப்பூரில் இருக்கும் மகன் சொல்லும் டாலர் வேறு, அமெரிக்காவில் இருக்கும் மகள் சொல்லும் டாலர் வேறு. இதற்காகத்தான் ஐ.எஸ்.ஓ. 4217 என்னும் மூன்றெழுத்துக் குறியீடுகள் 1978 முதல் உள்ளன. இந்திய ரூபாய் ஐ.என்.ஆர்., இலங்கை ரூபாய் எல்.கே.ஆர்., சிங்கப்பூர் டாலர் எஸ்.ஜி.டி. பெரும்பாலானவற்றில் முதல் இரண்டு எழுத்துகள் நாட்டையும், மூன்றாவது நாணயத்தையும் குறிக்கும். “குறியீடு மட்டுமே தர வேண்டும், எந்த நாடு என்று தெரியாவிட்டால் பயனாளரிடம் கேட்க வேண்டும்” என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் இந்தக் குழப்பம் தீரும்.

அடுத்தது எந்த நாள் விலை என்பது. இந்த வங்கி வேலை நாட்களில் மட்டும், மத்திய ஐரோப்பிய நேரப்படி மாலை 4 மணி அளவில் பட்டியலை வெளியிடுகிறது. நமக்கு அது இரவு ஏழரை அல்லது எட்டரை மணி. சனி, ஞாயிறு புதிய விலை வராது. ஆகவே டூல் தரும் பதிலில் விலையின் தேதியும் இருக்க வேண்டும், ஏஜென்ட் அதைச் சொல்லவும் வேண்டும். மேலும், இந்த விலைகள் தகவலுக்காக மட்டுமே, பணப் பரிமாற்றத்திற்கு இதனைப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்த வங்கியே கூறுகிறது. ஊருக்குப் பணம் அனுப்பும்போது உங்களுக்குக் கிடைக்கும் விலை இதிலிருந்து வேறுபடும், கட்டணமும் தனி.

இப்போது உண்மையான ஆபத்திற்கு வருவோம். வங்கியின் பட்டியல் சுமார் 30 நாணயங்களைக் கொண்டது. நம் வாசகர் குடும்பங்கள் பலவற்றிற்குத் தேவைப்படும் குவைத் தினார், யு.ஏ.இ. திர்ஹாம், இலங்கை ரூபாய் ஆகியவை அதில் இல்லை. ரஷ்ய ரூபிளின் விலை 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. குரோஷியா 2023 ஜனவரியில் யூரோவிற்கு மாறியதால் அதன் குனாவும் போய்விட்டது. இல்லாத நாணயத்தைக் கேட்டால் டூல் “பிழை” என்று மட்டும் சொன்னதாக வைத்துக் கொள்ளுங்கள். மாடல், தான் பயிற்சி பெற்ற காலத்தில் படித்த பழைய விலை ஒன்றை எடுத்து, பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுத் தந்துவிடக் கூடும். பார்ப்பவருக்கு அது இன்றைய விலை போலவே தெரியும். தவறான பதிலைக் காட்டிலும், சரியானது போல் தோன்றும் இந்தப் பதிலுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பட்டியல் மாறிக் கொண்டே இருப்பதால் அதை விளக்கத்தில் எழுதி வைக்காமல், எந்தெந்த நாணயங்கள் உள்ளன என்று சொல்லும் இன்னொரு டூலைத் தருவது நல்லது.

தொகையில் காற்புள்ளி கூடாது என்பதையும் எழுத வேண்டும். நாம் 1,00,000 என்போம், ஜெர்மனியில் 1.000 என்றால் ஆயிரம். ஜப்பானின் யென்னுக்கு பைசா போன்ற பகுதி புழக்கத்தில் இல்லாததால் விடையில் தசமப் புள்ளி தேவையில்லை.

இனி முழு விளக்கம். வழக்கமாக இதனை ஆங்கிலத்தில் எழுதுவார்கள். புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்:

“ஐரோப்பிய மத்திய வங்கியின் கடைசி வேலை நாள் விலையில் ஒரு தொகையை வேறு நாணயத்தில் கணக்கிடும். பணம் அனுப்பாது; வங்கிக் கட்டணம் சேர்க்காது. நாணயங்களை மூன்றெழுத்துக் குறியீடாகத் தரவும். எந்த நாட்டு ரூபாய், டாலர் என்று தெளிவில்லை எனில் முதலில் கேட்கவும். தொகை காற்புள்ளி இல்லாத எண். விடையுடன் விலையின் தேதியைக் கட்டாயம் சொல்லவும். நாணயம் பட்டியலில் இல்லை எனில் அதையே சொல்லவும்; நினைவிலிருந்து விலை கூற வேண்டாம்.”

டூல் தரும் பிழைச் செய்தியிலும் இதே கடைசி வரியைத் திரும்ப எழுதுங்கள். அந்த நேரத்தில் ஏஜென்ட் படித்துக் கொண்டிருப்பது அதைத்தான்.

நோட்பேடைத் திறந்து, உங்களுக்குத் தெரிந்த வேறொரு சிறு வேலைக்கு, எடுத்துக்காட்டாக ரயில் நேரம் சொல்லும் டூலுக்கு, இதுபோல் எழுதிப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ஏதேனும் ஏ.ஐ. உதவியாளர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதனிடம் 10 குவைத் தினாருக்கு எத்தனை இந்திய ரூபாய் என்று கேளுங்கள். பதில் வந்ததும், இது எந்தத் தேதி விலை, எங்கிருந்து எடுத்தாய் என்று அடுத்த கேள்வியையும் டைப் செய்திடுங்கள்.