புக்கிங் வந்தது, டிக்கெட் வரவில்லை

கேள்வி

நான் நுரைச்சோலையைச் சேர்ந்த கணித ஆசிரியை. சீனாவின் செங்து நகரில் ஒரு சர்வதேசப் பாடசாலையில் கணிதம் கற்பிக்க வேலை கிடைத்துள்ளது. இங்கே அரச பாடசாலையில் சம்பளமற்ற லீவும் எடுத்துவிட்டேன். ஒப்பந்தத்தில் "விமானச் செலவைப் பாடசாலை தரும்" என்று ஒரு வரி இருக்கிறது.

புத்தளம் டவுனில் ட்ரவல்ஸ் நடத்தும் ஒருவர், வாப்பாவுக்குத் தெரிந்தவர், கோலாலம்பூர் வழியாக மற்ற இடங்களைவிட நாற்பதாயிரம் ரூபா குறைவாக டிக்கெட் தருவதாகச் சொன்னார். ஊர்க்காரர்தானே என்று ஒன்றரை இலட்சத்தை அவருடைய சொந்த வங்கிக் கணக்கில் போட்டோம். புக்கிங் என்று ஒரு தாள் அச்சிட்டுத் தந்தார். ஒரு வாரம் கழித்து விமானக் கம்பனியின் இணையத்தளத்தில் தேடினால் அப்படியொரு புக்கிங்கே இல்லை. கேட்டால், "சீட் கேன்சலாகிவிட்டது, இன்னும் முப்பதாயிரம் தந்தால் வேறு போட்டுத் தருகிறேன்" என்கிறார். வேலை விசா பிந்துகிறதே என்றதற்கு, விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அனல் மின்நிலையத்தில் சீனப் பொறியியலாளர்களோடு வேலை செய்த என் நானா, உடனே பொலிசுக்குப் போகச் சொல்கிறார்.

காசைத் திரும்ப எடுக்க முடியுமா? இனி மலிவாக டிக்கெட் எடுப்பதென்றால் எதைப் பார்க்க வேண்டும்? பாடசாலையிடமிருந்து செலவை வாங்க முடியுமா?

— ஆசிரியை, நுரைச்சோலை

பதில்

அன்பின் ஆசிரியைக்கு,

முப்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். விசிட் விசாவில் விமானம் ஏறாதீர்கள். இவை இரண்டும் உறுதியானால் மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய நேரம் இருக்கிறது.

உங்களிடம் உள்ள தாள்

அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். அது ஆசனம் ஒதுக்கியதற்கான குறியீடு. பயண வரிக்குப் பக்கத்தில் "எச்.கே." என்றோ "கன்ஃபர்ம்ட்" என்றோ இருந்தால், ஆசனம் உங்கள் பெயரில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் பொருள். காசு கட்டியாயிற்று என்று அதற்குப் பொருளில்லை. காசு கட்டி டிக்கெட் வெளியான பிறகுதான் 13 இலக்க எண் ஒன்று வரும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் கம்பனியைக் காட்டும்: ஸ்ரீலங்கன் 603, எயார் சைனா 999, சைனா ஈஸ்டர்ன் 781. உங்கள் தாளில் அந்த எண் இல்லையென்றால் உங்களுக்கு டிக்கெட் எடுக்கப்படவே இல்லை. பிடித்து வைத்த ஆசனத்துக்குக் கம்பனி ஒரு கெடு வைக்கும். கெடுவுக்குள் டிக்கெட் போடாவிட்டால் கணினி தானாகவே ஆசனத்தை விடுவித்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதில் சட்டப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. டிக்கெட் வெளியாகாதபடியால் விமானக் கம்பனியோடு உங்களுக்கு ஒப்பந்தமே ஏற்படவில்லை. அந்தக் கம்பனிக்கு எழுதிப் பயனில்லை. நீங்கள் பிடிக்க வேண்டியது காசு வாங்கிய ட்ரவல்ஸ்காரரை மட்டும்தான்.

காசைத் திரும்பப் பெறும் வழி

முதலில் ஒரு சட்டத்தரணி மூலம், அல்லது நீங்களே, பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். எந்தத் திகதியில் எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன வாக்குறுதி தரப்பட்டது, எத்தனை நாளுக்குள் திருப்பித்தர வேண்டும் என்பவை அதில் தெளிவாக இருக்கட்டும். வைப்புச் சீட்டும் அந்தத் தாளும் மூலப்பிரதியாக உங்களிடமே இருக்கட்டும். பிரதிகளை மட்டும் இணையுங்கள். அவரோடு பரிமாறிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின் கீழ் அவையும் சான்றாக ஏற்கப்படக்கூடியவை. காசு நிறுவனத்தின் கணக்குக்குப் போகாமல் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போனது உங்களுக்குப் பாதகமில்லை. அவரே நேரில் பெற்றார் என்பதை அது இன்னும் எளிதாக நிரூபிக்கும்.

அடுத்தது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. 31 ஆம் பிரிவு பொய்யான கூற்றுகளைத் தடுக்கிறது. 32 ஆம் பிரிவின்படி, சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் அதை வழங்குவார் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும், ஒப்பந்தத்தில் அடங்கியதாகவே கருதப்படும். இங்கே கெடு மிகக் குறுகியது: முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று 1977 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம்.

விமான டிக்கெட் விற்பவர்களுக்கு இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் உரிமம் தேவை. உரிமம் பெற்றவர்களின் பட்டியலைச் சபையே வெளியிடுகிறது. டவுனில் இருக்கும் சிறிய கடைகள் பல கொழும்பிலுள்ள பெரிய முகவரிடம் வாங்கித்தான் விற்கின்றன. உங்கள் ஆளுக்கு உரிமம் இல்லையென்றால் கட்டுநாயக்கவிலுள்ள அதிகார சபைக்கும் ஒரு முறைப்பாடு போகட்டும். உரிமம் இருந்தால் அதே முறைப்பாடு இன்னும் வேகமாக வேலை செய்யும். உரிமத்தை இழக்க யாருக்கும் விருப்பமிருக்காது.

வழக்கு என்று போனால், இந்த அளவு தொகைக்கான பிணக்கு பெரும்பாலும் முதலில் மத்தியஸ்த சபைக்கே போகும். இணக்கம் வராவிட்டால் சபை தரும் சான்றிதழோடு நீதிமன்றம் செல்லலாம். காலவரையறை: எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டுகள், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று ஆண்டுகள். உங்களுடையது பெரும்பாலும் வாய்ப்பேச்சு என்பதால் மூன்று ஆண்டையே கணக்கில் வையுங்கள்.

பொலிசுக்குப் போவதற்கு முன் நானாவுக்கு ஒன்றை விளங்கப்படுத்துங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 398, 400, 403 ஆம் பிரிவுகளின் கீழ் மோசடி என்று நிரூபிக்க, காசு வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். ஆசனத்தைப் பிடித்துவிட்டு அசட்டையால் டிக்கெட் போடாமல் விட்டிருந்தால் அது சிவில் விவகாரம். காசை வாங்கிக்கொண்டு டிக்கெட் போட்டுவிட்டதாகப் பொய் சொல்லியிருந்தால், அல்லது இதே வேலையை வேறு பலரிடமும் செய்திருந்தால், குற்றவியல் முறைப்பாட்டுக்கு இடமுண்டு. கோரிக்கைக் கடிதத்துக்கு அவர் தரும் பதில் இதைப் பெரும்பாலும் தெளிவாக்கிவிடும்.

விசிட் விசா யோசனை

சீனாவின் வெளியேறல், நுழைவு நிர்வாகச் சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. வேலை அனுமதியும் வதிவிட அனுமதியும் இல்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு அதன் 80 ஆவது உறுப்புரை 5,000 முதல் 20,000 யுவான் வரை தண்டம் விதிக்கிறது. பாரதூரமான சந்தர்ப்பங்களில் ஐந்து முதல் பதினைந்து நாள் வரை தடுத்து வைக்கலாம். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. அனுமதி இல்லாத வெளிநாட்டவருக்கும் தொழில்தருநருக்கும் இடையே தொழில் உறவு இருப்பதாகச் சீன நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. சம்பளமும் விமானச் செலவும் வரவில்லை என்று நீங்கள் கேட்கப் போனால், கேட்கும் உரிமையே ஆட்டம் காணும்.

முறையான வழி இசட் விசா. முதலில் பாடசாலை உங்களுக்கு வேலை அனுமதி அறிவித்தலைப் பெற்று அனுப்ப வேண்டும். அதைக் கொண்டு கொழும்பில் விசா எடுப்பீர்கள். போய்ச் சேர்ந்து முப்பது நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் உங்கள் பதவி "ஆங்கில ஆசிரியை" என்று எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மொழி ஆசிரியர்களுக்கு, அந்த மொழி தாய்மொழியாக உள்ள நாட்டுக் கடவுச்சீட்டைச் சீனா பொதுவாக எதிர்பார்க்கிறது. கணித ஆசிரியை என்ற பதவிதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

வேலையை நீங்களே தேடிக்கொண்டாலும், புறப்படுமுன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் அதைக் கேட்கிறது. விவரங்களுக்கு 1989 ஐ அழையுங்கள். பொது நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022 இன் கீழ் லீவு எடுத்திருந்தால் அதன் நிபந்தனைகளையும் வலயக் கல்விப் பணிமனையில் ஒருமுறை சரிபாருங்கள். விசிட் விசாவில் போனால் அந்த லீவும் சிக்கலில் விழும்.

மலிவு டிக்கெட்டில் எதைப் பார்க்க வேண்டும்

மலிவாக வாங்குவதில் தவறில்லை. விலை குறைந்தபோது எந்த உரிமை குறைந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதல் கேள்வி: ஒரே டிக்கெட்டா, இரண்டா? கொழும்பிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு கம்பனி, அங்கிருந்து செங்துவுக்கு வேறு கம்பனி என்று தனித்தனியாக வாங்கினால் விலை குறையலாம். ஆனால் முதல் விமானம் பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாவது கம்பனி பொறுப்பேற்காது. பொதியை எடுத்து மீண்டும் கொடுக்க மலேசியக் குடிவரவைத் தாண்ட வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே முன்கூட்டியே விசா தேவை. அது இல்லாமல் போனால் கட்டுநாயக்கவிலேயே உங்களை ஏற்ற மறுக்கலாம். உங்களுக்குச் சொல்லப்பட்ட நாற்பதாயிரம் இலாபம் இப்படிப்பட்டதா என்று கேளுங்கள்.

இரண்டாவது: ஒருவழியா, இருவழியா? சில வேளை ஒருவழியைவிட இருவழி டிக்கெட் மலிவாக இருக்கும். அதை வாங்கித் திரும்பும் பயணத்தை விட்டுவிட்டால் பிரச்சினையில்லை. போகும் பயணத்தை விட்டுவிட்டால் திரும்பும் பயணம் தானாக இரத்தாகும். இருவழி டிக்கெட்டுக்கு இன்னொரு சட்ட நன்மையும் உண்டு. சர்வதேச விமானப் பயணங்களில் பயணியின் உரிமைகளைத் தீர்மானிக்கும் 1999 ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் சமவாயத்துக்குச் சீனா 2005 முதலும் இலங்கை 2019 ஜனவரி முதலும் உட்பட்டவை. பயணம் முடியும் இடத்திலுள்ள நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று அது சொல்கிறது. கொழும்பில் தொடங்கிக் கொழும்பில் முடியும் டிக்கெட்டுக்கு முடிவிடம் கொழும்புதான் என்பது பல நாட்டு நீதிமன்றங்கள் ஏற்ற நிலைப்பாடு. செங்துவோடு முடியும் ஒருவழி டிக்கெட்டுக்கு அந்த வாசல் பெரும்பாலும் சீனாவில்தான் திறக்கும்.

அதே சமவாயத்தின் கீழ், பொதி தொலைந்தாலோ சேதமானாலோ கம்பனியின் பொறுப்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். வரை. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 2024 டிசம்பர் 28 முதல் இதுவே உச்சவரம்பு. சேதமான பொதிக்கு ஏழு நாளுக்குள்ளும் பிந்தி வந்த பொதிக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். வழக்குக்கு இரண்டு ஆண்டு எல்லை.

மூன்றாவது: பெயர். கடவுச்சீட்டில் உள்ளபடி, குடும்பப் பெயர் எது மற்றப் பெயர்கள் எவை என்பதோடு, எழுத்துக்கு எழுத்து டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். நம்மவர் பெயர்களில் வாப்பாவின் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறுவது வழமை. மலிவு டிக்கெட்டுகளில் பெயர் திருத்தம் பல வேளை அனுமதிக்கப்படாது, அனுமதித்தால் பெருங்கட்டணம்.

நான்காவது: விசா கையில் வரும்வரை, திருப்பித்தர முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள். சிறிது கூடக் கொடுத்தாலும் திகதி மாற்றக்கூடியதை எடுங்கள். திரும்பும் பயணத்தைச் சீனப் புத்தாண்டு நெரிசலுக்கு முன்னோ பின்னோ வையுங்கள். 2027 இல் அது பெப்ரவரி 6 இல் வருகிறது. திருப்பித்தர முடியாத டிக்கெட்டில் பயணம் செய்யாவிட்டாலும், விமான நிலைய வரிகளைத் திருப்பித் தரும் கம்பனிகள் பல உண்டு. கேட்டால்தான் தருவார்கள்.

முடிந்தால் கடனட்டையில் கட்டுங்கள். டிக்கெட் வராவிட்டால் வங்கியிடம் மறுப்புத் தெரிவித்துக் காசை மீட்கக் கோரலாம். வங்கி கேட்காவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். தனியாள் கணக்கில் போட்ட காசுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பாடசாலை தர வேண்டிய செலவு

"விமானச் செலவைப் பாடசாலை தரும்" என்ற வரி போதாது. எவ்வளவு வரை, எப்போது, எந்த ஆவணத்துக்கு, ஒப்பந்தம் முடியுமுன் விலகினால் என்ன என்ற நான்கும் எழுதப்பட வேண்டும். சீனப் பாடசாலைகள் பல இந்தக் காசை ஆண்டு முடிவில்தான் தருகின்றன, அதுவும் "ஃபாபியாவ்" எனும் அரச அங்கீகாரம் பெற்ற பற்றுச்சீட்டைக் காட்டினால். புத்தளத்தில் வாங்கிய டிக்கெட்டுக்கு அது கிடைக்காது. "வெளிநாட்டில் வாங்கிய இ-டிக்கெட் பற்றுச்சீட்டும் கட்டணம் செலுத்திய வங்கி ஆவணமும் ஏற்கப்படும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சீன மொழிப் பிரதியே செல்லுபடியாகும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த வரி அதிலும் இருக்கிறதா என நம்பகமான ஒருவரைக் கொண்டு பாருங்கள். நானாவின் பழைய நண்பர்கள் இங்கே உதவலாம்.

பாடசாலை "வரி கழியும்" என்றால், வெளிநாட்டு ஊழியர் சொந்த நாடு போய்வரும் நியாயமான விமானச் செலவுக்குத் தனிநபர் வருமான வரி விலக்கு உண்டு என்று சொல்லுங்கள். அதற்கும் பற்றுச்சீட்டு வேண்டும். காசு தர மறுத்தால் சீனாவில் தொழில் நடுத்தீர்ப்புக்கு விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம். முறையான வேலை அனுமதியோடு போனவருக்கே இந்த வழி.

இந்த வாரமே செய்ய வேண்டியது: நாளைக்கே கோரிக்கைக் கடிதம், காசு கொடுத்த திகதியிலிருந்து மூன்று மாதம் எண்ணி அதற்குள் நுகர்வோர் அதிகார சபைக்கு முறைப்பாடு, பாடசாலைக்கு வேலை அனுமதி அறிவித்தல் எங்கே நிற்கிறது என்று ஒரு மின்னஞ்சல். சட்டத்தரணிக்குக் காசு கொடுக்க முடியாத நிலையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். புதிய டிக்கெட்டை எங்கே வாங்கினாலும், 13 இலக்க எண்ணைக் கம்பனியின் தளத்தில் நீங்களே போட்டுப் பார்த்த பிறகு மீதிக் காசைக் கொடுங்கள்.