குஞ்சு விட்டால் ஆறு நிறையுமா?

ஆண்டுக்கு ஒருமுறையாவது நாளிதழில் அந்தப் படம் வந்துவிடும். அணைக்கரையில் அமைச்சரும் அதிகாரிகளும் வரிசையாக நிற்பார்கள். பாலித்தீன் பையின் வாய் அவிழும், விரல் நீளக் குஞ்சுகள் தண்ணீரில் கொட்டும். அடியில், இத்தனை லட்சம் மீன்குஞ்சுகள் விடப்பட்டன என்று ஒரு வரி. நன்னீர் மீன்களைப் பற்றிப் பொதுவில் பேசப்படுவது பெரும்பாலும் அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, அவற்றைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் பாதி அந்தப் பையைச் சுற்றியே இருக்கின்றன.

நம்பிக்கை: எவ்வளவு குஞ்சு விடுகிறோமோ அவ்வளவு மீன்வளம் பெருகும்.

அணையில் இது ஓரளவு உண்மை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய நீரில் பொதுவாக முட்டையிடுவதில்லை. மழைக்காலப் புதுவெள்ளம் ஓடினால்தான் அவற்றுக்குச் சினைப் பருவம் கூடிவரும். முன்பெல்லாம் ஆற்றில் வலைகட்டித்தான் குஞ்சு சேகரிப்பார்கள். 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும் ஒடிசாவில் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியில் செலுத்திக் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் நாடு இன்று மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறது. அதற்குப் பிறகே குஞ்சு பொரிப்பகங்கள் பெருகி, லட்சக் கணக்கில் விடுவது சாத்தியமாயிற்று.

ஆனால் அணையில் குஞ்சு விடுவது வயலில் நாற்று நடுவதைப் போன்றது. அது விளைச்சலுக்கான வேலை. இயற்கையான மீன் இனத்தைக் காக்கும் வேலை அல்ல. விளைச்சலுக்கும்கூட எண்ணிக்கை மட்டும் போதாது. பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள ஆழியாறு அணையில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் கொன்றுண்ணி மீன்களின் வாய்க்குத் தப்பும் அளவுக்கு வளர்ந்த விரலிகளை மட்டும் விட்டார்கள். வலைக்கண் அளவுக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். விளைச்சல் பல மடங்கு உயர்ந்தது. பொடிக் குஞ்சுகளாக விட்டிருந்தால் எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்திருக்கும், படமும் வந்திருக்கும். லாபம் விரால்களுக்குப் போயிருக்கும்.

ஆற்றின் கதை வேறு. அதற்குக் காவிரியைவிட வருத்தமான சான்று கிடைப்பது கடினம்.

மாஷீர் எனப்படும் பெருங்கெண்டைகளில் காவிரிக்கே உரிய ஒன்று உண்டு. முதுகில் திமில், ஆரஞ்சு நிறத் துடுப்பு. 1946-இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த 120 பவுண்டு மீன் இன்றும் பேசப்படுகிறது. கிலோவில் 54-ஐத் தாண்டும். தோட்டா வெடியும் நஞ்சும் இந்த மீனை அழித்துவந்த காலத்தில், கர்நாடகப் பகுதிக் காவிரியில் தூண்டில் ஆர்வலர்கள் முகாம் அமைத்துக் காவல் காத்தார்கள். பிடிப்பது, எடை போடுவது, திரும்ப விடுவது என்பது அங்கே விதியாக இருந்தது. நல்ல எண்ணத்தோடு இன்னொன்றும் நடந்தது: மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் இருந்த டாடா நிறுவனப் பொரிப்பகத்திலிருந்து மாஷீர் குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். மாஷீர்தானே, எங்கிருந்து வந்தால் என்ன என்று அன்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. வந்தது தக்காணத்து நீலத்துடுப்பு மாஷீர். வேறு இனம்.

அந்த முகாம்களில் ஒன்றான கலிபோரின் பதிவேடுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலான ஆய்வாளர்கள் பின்னர் ஆராய்ந்தார்கள். 1998 முதல் 2012 வரை 6,161 மாஷீர்கள் அங்கே தூண்டிலில் சிக்கியிருந்தன. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று பார்த்தால் சிக்கும் மீன் கூடிக்கொண்டே போனது. மேலோட்டமாகப் படிப்பவர் பாதுகாப்புக்குக் கிடைத்த வெற்றி என்றே சொல்வார். சராசரி எடையோ இறங்கிக்கொண்டே வந்தது. இனம் பிரித்துப் பார்த்தபோது விஷயம் புலப்பட்டது: பெருகியதெல்லாம் நீலத்துடுப்பு. திமில் மீனின் இளசுகள் கிட்டத்தட்ட இல்லை. கிழட்டு மீன்கள் மட்டும் எப்போதாவது தலைகாட்டின.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. உலகப் புகழ்பெற்ற அந்த மீனுக்கு அதுவரை சரியான அறிவியல் பெயர்கூட உறுதியாகியிருக்கவில்லை. நீலகிரி அடிவார மாயாற்றில் பிடித்த மீன்களின் உதவியோடு 2018-இல்தான் அது டோர் ரெமாதேவியே என்று உறுதிசெய்தார்கள். அமராவதியின் துணையாறான பாம்பாற்றிலிருந்து ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த இனம் அது. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. அணைகளும் மணல் அள்ளலும் வெடியும் இதில் பங்காளிகள்தாம். ஆனாலும் காப்பதற்காக விட்ட குஞ்சுக்கும் பெரிய பங்கு இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நம்பிக்கை: வெளிநாட்டு மீன்தான் கெடுதல், இந்திய மீனை எங்கும் விடலாம்.

மீனுக்கு எல்லை என்பது நாடு அல்ல, ஆற்றுப் படுகை. கட்லா கங்கை, கோதாவரி போன்ற வட ஆறுகளின் மீன். காவிரிக்கு அது விருந்தாளி. மேட்டூரில் நிலைகொண்டு இப்போது சொந்தக்காரன்போல் ஆகிவிட்டது.

மறுபுறம், வெளிநாட்டு மீன் எல்லாமே எங்கும் வில்லன் என்பதும் சரியில்லை. 1952-இல் மண்டபத்துக்கு வந்த திலேப்பியா, நம் ஊர் ஜிலேபிக் கெண்டை, அமராவதி அணையில் கெண்டைகளை ஓரங்கட்டியது. ஏறக்குறைய அதே காலத்தில் இலங்கைக்குப் போன அதே மீன், அங்குள்ள பழைய குளங்களில் உள்நாட்டு மீன்பிடிப்புக்கே முதுகெலும்பானது. அந்தத் தீவின் ஆற்று மீன்களில் பெருங்குளங்களின் நடுநீரைப் பயன்படுத்தக்கூடியவை குறைவு என்பது ஒரு காரணம். அமராவதிக் கரைக்காரர் சபிக்கும் மீனை இலங்கையின் குளக்கரைக்காரர் வாழ்த்தலாம். இரண்டும் நியாயமே.

நம்பிக்கை: அணை என்பது மீனுக்குப் பெரிய வீடு; தண்ணீர் இருந்தால் போதும்.

தண்ணீரின் அளவைவிட, அது எப்போது, எப்படி ஓடுகிறது என்பதுதான் ஆற்று மீனுக்கு முக்கியம். உல்லம் என்ற மீன் கடலில் வளர்ந்து, வெள்ளம் வந்ததும் காவிரியில் எதிரேறி முட்டையிடப் போகும். கொள்ளிடத்து அணைக்கட்டுகள் அதன் பாதையை முதலில் இடறின. 1934-இல் முடிந்த மேட்டூர் அணை வெள்ளத்தையே கட்டிப்போட்டது. மேல் காவிரியில் உல்லம் இன்று பழங்கதை.

மீன் ஏணி வைத்தால் தீர்ந்தது என்பார்கள். சால்மன் போலத் துள்ளி ஏறும் மீன்களுக்காக உருவான அமைப்பு அது. தாய்லாந்தின் பாக் மூன் அணையில் வைத்த ஏணியைப் பெரும்பாலான மீகோங் மீன்கள் சீண்டவில்லை. மீனவர் போராட்டத்துக்குப் பின் 2001-இல் மதகுகளை நீண்ட நாள் திறந்து வைத்தபோது பல இனங்கள் மூன் ஆற்றுக்குத் திரும்பின. ஏணி செய்யாததைத் திறந்த மதகு செய்தது.

நம்பிக்கை: தடைக்காலம் கடலுக்கு மட்டும்தான் தேவை.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் தடை இருப்பது ஊரறிந்தது. ஆற்று மீன் சினை சுமந்து எதிரேறும் முதல் மழை நாட்களும் அதே அளவு ஆபத்தானவை. அந்த நாட்களில் ஓடை, வாய்க்கால், வயல் என்று ஏறும் மீனை அள்ளுவது கேரளத்தில் ‘ஊத்த பிடித்தம்’. அங்கே இன்று அது சட்ட விரோதம். தோட்டாவும் நஞ்சும் போட்டுப் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. வெடித்ததும் மிதப்பதை அள்ளிக்கொண்டு போகிறார்கள். காற்றுப்பை கிழிந்து அடியில் அமிழ்ந்தவற்றை யாரும் எண்ணுவதில்லை.

நம்பிக்கை: தொட்டி மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடுவது புண்ணியம்.

கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்னட்டும் என்று வாங்கிய ‘டேங்க் கிளீனர்’, கைநீளம் வளர்ந்ததும் தொட்டி போதாமல் ஏரிக்குப் போகிறது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கெளுத்தி அது. உடம்பெங்கும் கவசம். கரையில் வளை தோண்டி முட்டையிடும். உயிர்க்காற்று குறைந்த சாக்கடை நீரிலும் பிழைக்கும். வலையில் மாட்டினால் முள் சிக்கி வலை கிழியும், சந்தையில் விலையும் கிடையாது. தொட்டி மீன் வேண்டாமென்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், வேறு வளர்ப்பவரிடம் ஒப்படைக்கலாம். வலையில் சிக்கியதையும் திரும்ப நீரில் வீசக் கூடாது.