கடலடியில் ஒரு கடற்படை

நிலத்தின்மீது நிகழ்ந்த போர்களின் சுவடுகளை உழவனின் ஏரும் காலத்தின் கையும் விரைவில் மறைத்துவிடுகின்றன. கடலோ, தான் விழுங்கியவற்றுள் பலவற்றை நெடுங்காலம் தன் மடியிலே வைத்துக் காக்கின்றது. அவற்றை அடிக்கடலுக்கே சென்று காணும் வாய்ப்பு இக்காலத்து மனிதனுக்குக் கிட்டியுள்ளது. அவ்வாறு செல்பவன் எதனைக் கொள்ளலாம், எதனை விட்டுவர வேண்டும் என்பதை அறிதல் இன்றியமையாதது. இதனை நன்கு உணர்த்தும் இடங்களுள் ஒன்று ஸ்காப்பா ஃப்ளோ என்னும் குளிர்கடல்.

ஸ்காட்லாந்தின் வடகோடிக்கு அப்பால் ஆர்க்னித் தீவுகள் அமைந்துள்ளன. அத்தீவுகள் வேலிபோலச் சூழ்ந்து நிற்க, நடுவே 300 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடன் ஸ்காப்பா ஃப்ளோ விளங்குகின்றது. இஃது இயற்கைத் துறைமுகமாதலின், இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் கடற்படை இதனைத் தன் முதன்மைத் தளங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது.

1918 நவம்பரில் முதல் உலகப் போர் ஓய்ந்தது. ஜெர்மன் கடற்படையின் 74 கப்பல்கள் இங்குக் கொணரப்பட்டுக் காவலில் நிறுத்தப்பட்டன. அமைதிப் பேச்சு மாதக்கணக்கில் நீண்டது. தம் கப்பல்கள் பகைவர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சினார் அவற்றின் தலைவர் லுட்விக் ஃபான் ராய்ட்டர். 1919 ஜூன் 21 அன்று காலை, காவலுக்கு நின்ற பிரிட்டிஷ் கப்பல்களிற் பெரும்பாலானவை பயிற்சிக்காக வெளிக்கடல் சென்றிருந்தன. அவ்வேளையில் ராய்ட்டர் குறிப்புக்கொடி காட்டினார். ஒவ்வொரு கப்பலிலும் அடிப்பகுதியின் நீர்வாயில்கள் திறந்துவிடப்பட்டன. அன்று ஆர்க்னியின் பள்ளி மாணவர் பலர், கப்பல்களைப் பார்ப்பதற்கென்றே படகில் சிற்றுலா வந்திருந்தனர். அவர்கள் கண்ணெதிரே மலைபோன்ற கலங்கள் சாய்ந்தன, புரண்டன, மறைந்தன. மாலைக்குள் 52 கப்பல்கள் மூழ்கிவிட்டன. ஜெர்மானிய மாலுமிகள் ஒன்பதின்மர் அன்று உயிரிழந்தனர்.

மூழ்கிய கலங்களை முதலில் நாடியவர்கள் இரும்பை நாடியவர்களே. எர்னெஸ்ட் காக்ஸ் என்னும் பொறியாளர் 1924 முதல் அவற்றை மேலே கொணரத் தொடங்கினார். முக்குளிப்போரைக் கொண்டு கப்பலின் துளைகளை எல்லாம் அடைக்கச் செய்தார்; பின்னர் உள்ளே காற்றைச் செலுத்தினார். புகுந்த காற்று நீரை வெளியேற்ற, கப்பல் தானே மிதந்தெழுந்தது. மோல்ட்கே என்னும் பெருங்கப்பல் 1927-இல் அடிப்புறம் மேலாக இவ்வாறே எழுந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்குமுன் பெரும்பாலான கப்பல்கள் எடுக்கப்பட்டு உருக்குலைக்கப்பட்டன. எனினும் மூன்று பெரும்போர்க்கப்பல்களும் நான்கு சிறுபோர்க்கப்பல்களும் அடிக்கடலிலேயே தங்கிவிட்டன. ஏறத்தாழ 25 முதல் 45 மீட்டர் ஆழத்தில் அவை இன்றும் கிடக்கின்றன. பெரியன மூன்றும், மேற்பகுதியின் பாரத்தால் தலைகீழாகக் கவிழ்ந்துள்ளன; சிறியன ஒருக்களித்துக் கிடக்கின்றன.

இவற்றைக் காணும் வழியை எளிதாக்கியது ஸ்கூபா என்னும் கருவி. பிரெஞ்சு நாட்டினரான கூஸ்தோவும் காஞ்ஞானும் 1943-இல் அதனைச் செம்மைப்படுத்தினர். முக்குளிப்போன் முதுகில் காற்றடைத்த உருளையைச் சுமந்து செல்வான். அவன் மூச்சிழுக்கும்போது மட்டும், சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்திற்கு ஏற்ற அளவில் கருவி காற்றை வழங்கும்.

ஆயினும் இப்பயணம் விளையாட்டன்று. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகின்றது. ஆகவே 30 மீட்டர் ஆழத்தில் அது நான்கு மடங்காகும். உருளையிலுள்ள காற்றும் நான்கு மடங்கு விரைவில் தீரும். அழுத்தம் மிகுதலால் நைட்ரஜன் வாயு குருதியில் மிகுதியாகக் கரைகின்றது. விரைந்து மேலே வந்தால் அது குமிழிகளாக மாறி மூட்டுகளை வருத்தும். சில வேளைகளில் உயிரையும் பறிக்கும். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர் ஆடுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். இடையிடையே நின்று, படிப்படியாக மேலேறும் முறையை 1908-இல் வகுத்துரைத்தார். ஆழத்தில் இறங்குபவன் எவனாயினும் மேலேறுவதில் பொறுமை காத்தே ஆகவேண்டும்.

குளிரும் ஒரு பகையே. ஸ்காப்பா ஃப்ளோவின் நீர் கோடையிலும் 15 டிகிரி செல்சியசை எட்டுவது அரிது. நீர் உடலின் வெப்பத்தைக் காற்றைவிடப் பன்மடங்கு விரைவாகக் கவர்ந்துவிடும். எனவே நீர் புகாத உடையை அணிந்தே இறங்குகின்றனர். கப்பலின் உள்ளே நுழைந்தாலோ, காலின் சிற்றசைவும் சேற்றைக் கிளப்பிவிடும். வந்த வழியும் தெரியாமற் போகும்.

இத்துணை இடர்களைக் கடந்து செல்பவன் காண்பது வெறும் துருப்பிடித்த இரும்பு அன்று. அடிக்கடல் பெரும்பாலும் சேறாக இருக்கும் இடங்களில், பற்றிக்கொண்டு வாழும் உயிர்களுக்கு உறுதியான இடம் அரிது. மூழ்கிய கப்பலோ அவற்றிற்குக் கற்பாறை போன்றது. நீரோட்டம் அங்கே ஓயாது உணவைக் கொணர்கின்றது. வெண்மையும் செம்மஞ்சளுமான கடற்சாமந்திகள் கப்பலின் விளிம்புகளில் மலர்ந்து நிற்கின்றன. விரல்கள் போலக் கிளைத்த மென்பவளங்கள் பக்கச் சுவர்களைப் போர்த்துள்ளன. அவற்றிடையே நட்சத்திர மீன்கள் ஊர்கின்றன. இண்டு இடுக்குகளில் நண்டுகளும் மீன்களும் ஒளிகின்றன. உயிரைப் போக்குதற்கென்று செய்த கலம், எண்ணற்ற உயிர்கள் வாழும் ஊராகிவிட்டது.

காட்சியின்பத்தோடு ஆசையும் எழுதல் இயல்பு. நினைவுப் பொருளாக ஒரு விளக்கையோ பித்தளைத் துண்டையோ எடுத்துச் சென்றவர் முன்னாளில் உண்டு. ஒருவன் எடுப்பது சிறிதே. பலர் எடுத்தால் எஞ்சுவது யாது? இவ்வேழு கப்பல்களும் 2001-இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்கள் என அறிவிக்கப்பட்டன. எவரும் இறங்கிக் காணலாம். எதனையும் எடுத்தல் குற்றம்.

இதே கடலில் எவரும் விரும்பியவாறு நெருங்கலாகாத கப்பல் ஒன்றும் உண்டு. 1939 அக்டோபர் 14-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மறைவாக உட்புகுந்து ‘ராயல் ஓக்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலைத் தாக்கியது. 800-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் 18 வயது நிரம்பாத சிறுவர் என்பது நெஞ்சை உருக்கும் செய்தி. மாண்டவருட் பலருக்கு அக்கப்பலே கல்லறையாயிற்று. உரிய இசைவின்றி அதன்பால் முக்குளித்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. கடற்படையின் முக்குளிப்போர் மட்டும் ஆண்டுதோறும் இறங்கி, பழைய கொடியை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றி வைத்துத் திரும்புகின்றனர்.

ஒரே கடலில் கிடந்த கலங்களுள் சில இரும்பாகிப் பயன்பட்டன. சில அறிவையும் அழகையும் வழங்குகின்றன. ஒன்று வணங்கத்தக்க கல்லறையாய் நிற்கின்றது. இவ்வேறுபாட்டை உணர்வதே பண்பாடு. அடிக்கடல் வரை செல்லும் ஆற்றலை அறிவியல் மனிதனுக்கு அளித்தது. அங்கே கண்டதைக் கண்ணால் மட்டும் கொண்டு, வெறுங்கையுடன் மீளும் அடக்கத்தை அவன் தானே தேடிக்கொள்ள வேண்டும்.