பிழை உணர்த்தும் முறை

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களில் ஓடு வேய்ந்த பெருவீடுகள் பல உள்ளன. மழைக்காலத்தில், "வீடு ஒழுகுகிறது" என்று மட்டும் சொல்லியனுப்பினால் கொத்தனார் என்ன செய்வார்? ஓடுகளோ பல்லாயிரம். "இரண்டாங்கட்டில், வடகிழக்கு மூலையில், காற்றோடு மழை பெய்யும்போது ஒழுகுகிறது" என்று கூறின், அவர் நேரே அவ்விடம் சென்று உடைந்த ஓட்டை மாற்றிவிடுவார்.

கணிப்பொறியை இயக்கும் மென்பொருளுக்கும் இம்முறை பொருந்தும். மூலநிரலை யாவரும் காணவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள் ஆகும். 1991-ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தமது 21-ஆம் வயதில் தொடங்கிய லினக்ஸ் அவ்வகையினது. இத்தகைய மென்பொருள்களை ஆக்குவோர் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுட் பலர் தமிழ் அறியார். ஆதலின், தமிழில் நேரும் பிழையைத் தமிழரே உணர்த்துதல் வேண்டும்.

கமலா, கனகா என்னும் இரு பெயர்களை ஒரு மென்பொருள் அகரவரிசைப்படுத்துவதாகக் கொள்வோம். தமிழ் நெடுங்கணக்கில் னகரமே இறுதி மெய். ஆகவே கமலா முதலில் வரவேண்டும். ஆனால், எழுத்துகளுக்கு எண் வழங்கும் ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. அவ்வெண்களை மட்டும் நோக்கும் மென்பொருள் கனகாவை முன்னே நிறுத்திவிடும்.

"தமிழ் சரியாக வரவில்லை" என்று எழுதினால் இப்பிழை ஆக்கியோர்க்கு விளங்காது. நல்ல அறிக்கையில் நான்கு செய்திகள் அமைந்திருக்கும். மென்பொருளின் பெயரும் பதிப்பெண்ணும் ஒன்று. செய்த செயல்கள் முறையே இரண்டாவது. கண்ட விளைவு மூன்றாவது. வந்திருக்க வேண்டிய விளைவும் அதற்குரிய காரணமும் நான்காவது.

எழுதுமுன் அச்செயலை மீண்டும் செய்து, பிழை திரும்ப நிகழ்கிறதா என்று காண்க. முன்னரே பிறர் அதனை அறிவித்துள்ளனரா என்றும் தேடுக. ஓர் அறிக்கையில் ஒரு பிழையே இடம்பெறுக. ஆக்கியோருட் பலர் ஊதியமின்றி உழைப்பவர் ஆதலின், கடுஞ்சொல் தவிர்க்க. அவர்கள் ஐயம் வினவினால் பொறுமையுடன் விடை தருக. கதவின் பூட்டுப் பழுதானால் அதனைத் தெருவில் நின்று கூவுவார் இலர். வீட்டுக்குரியவரிடமே தனித்துச் சொல்வர். அதுபோலப் பிறர் கமுக்கங்களைக் கள்வர்க்குத் திறந்துவிடும் பிழையை ஆக்கியோர்க்கு மட்டுமே மறைவாக உணர்த்துக.

காரைக்குடி மாணவி ஒருத்தி எழுதும் பத்து வரியால் ஒரு பிழை நீங்குமாயின், இலங்கையிலும் மலேசியாவிலும் அம்மென்பொருளைக் கையாளும் தமிழர் யாவரும் பயன் பெறுவர். பிழை கண்டு பழிப்பது எளிது. அது நீங்குமாறு தெளிவாக எடுத்துரைப்பதே தொண்டு.