உடல் எனும் அமானிதமும் ஸ்கேட்போர்டும்



நம் மஹல்லாக்களில் ஐந்தாம் வகுப்பு வரை தெருவில் ஓடியாடும் பெண் பிள்ளைகள், வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் அமர்ந்துவிடுகிறார்கள். ஆண் பிள்ளைகள் செல்போனுடன் அமர்ந்துவிடுகிறார்கள். இதன் விளைவு பிற்காலத்தில் தெரிகிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறுகிறது. அதற்கு வாசல் திறப்பவற்றில் முக்கியமானது வயிற்றுக் கொழுப்பு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி

பயணம் ஒன்றில் நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். அன்னையார் வென்றார்கள். சில காலம் கழித்து, அன்னையாருக்கு உடல் பருத்திருந்த வேளையில், மீண்டும் ஓடினார்கள். அப்போது நபியவர்கள் வென்று, முன்பு தோற்றதற்கு இது ஈடு என்றார்கள். அபூதாவூதில் இடம்பெறும் இந்தச் செய்தி, விளையாட்டு பெண்களுக்கும் உரியது என்பதை உணர்த்துகிறது.

ஸ்கேட்போர்டு என்ன செய்கிறது?

நான்கு சக்கரம் பூட்டிய பலகையில் ஒரு காலை ஊன்றி, மறு காலால் தரையை உந்திச் செல்ல வேண்டும். தொடை, கெண்டைக்கால், இடுப்பு, வயிற்றுத் தசைகள் அனைத்தும் வேலை செய்கின்றன. விழாமல் நிற்க மனம் ஒருமுகப்படுவதால் கவலையும் செல்போனும் மறக்கின்றன. இரவில் நல்ல உறக்கம் வருகிறது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் மிதமாக ஓட்டினால் சுமார் 300 கலோரி செலவாகும். அரை மணிக்கு 150. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 16 கலோரி உண்டு. இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டு நாளைக்கு நான்கு டீ குடித்தால், சர்க்கரையில் மட்டும் 128 கலோரி சேர்ந்துவிடும். அரை மணி நேரம் வியர்த்ததெல்லாம் டீக் குவளையிலேயே கரைந்துவிடுகிறது! ஆகவே, உணவைக் குறைக்காமல் விளையாட்டால் மட்டும் எடை குறையாது.

காபூலிலும் மாமல்லபுரத்திலும்

2007-இல் காபூலில் ஸ்கேட்டிஸ்தான் என்னும் அமைப்பு தொடங்கப்பட்டது. பெண்கள் சைக்கிள் ஓட்டுவதையே ஏற்காத ஊரில், தலைத்துணியின் மேல் ஹெல்மெட் அணிந்து சிறுமிகள் பலகை ஓட்டினார்கள். அத்துடன் பாடமும் படித்தார்கள். நம் மாநிலத்தில் மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தியைப் பற்றிய குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. பெண்களுக்கான ஸ்ட்ரீட் பிரிவில் தங்கம் வென்ற ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13.

பெற்றோர் கவனத்திற்கு

1. ஐந்து வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் வேண்டாம். பத்து வயது வரை பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

2. ஹெல்மெட், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் கவசங்கள் கட்டாயம். விழும்போது கையை ஊன்றுவதால் மணிக்கட்டே அதிகம் முறிகிறது.

3. வாகனம் ஓடும் சாலையிலும் சரிவிலும் கூடவே கூடாது. ஈரமில்லாத, சமமான சிமெண்ட் தரையே ஏற்றது.

4. முழங்கால் வலி, பாதத்தில் உணர்ச்சிக் குறைவு உள்ள பெரியவர்கள் இதை முயல வேண்டாம். அவர்களுக்கு ஃபஜ்ர் தொழுகைக்குப் பின் உக்கடம் பெரியகுளக் கரையிலோ ரேஸ்கோர்ஸிலோ வேகநடையே போதும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது கணக்கு. இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் சிறிது சர்க்கரை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பெண் பிள்ளைகளுக்கு அதற்கான இடம் எங்கே? ஷாதி மஹால்களின் சிமெண்ட் முற்றங்கள் வார நாட்களில் காலியாகவே கிடக்கின்றன. அஸருக்குப் பின் ஒரு மணி நேரம், தாய்மார்களின் மேற்பார்வையில், அவற்றைப் பெண் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவோம். பலகை வாங்க வசதியில்லாவிட்டால் கயிறு தாண்டட்டும், ஓடட்டும்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே தருவோம், இன்ஷா அல்லாஹ்.