துயர வீட்டுக்கு நாம் பட்டிருக்கும் கடன்





ஒரு வீட்டில் மவ்த் என்றால் ஊரே திரண்டு வருகிறது. குளிப்பாட்ட, கஃபனிட, ஜனாஸா தொழ, கப்றுக்கு மண் தள்ள ஆள் குறைவதில்லை. மய்யித்தை அடக்கிவிட்டுத் திரும்பியதும் நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்த வீட்டாரின் துயரம் அதன் பிறகுதான் தொடங்குகிறது.

ஜஅஃபர் (ரலி) அவர்களின் வீடு

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, மூத்தா போரில் ஜஅஃபர் பின் அபீதாலிப் (ரலி) ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்தச் செய்தியைச் சொன்னபோது அவர்களின் கண்கள் கண்ணீர் வடித்தன. பிறகு அவர்கள் செய்ததைக் கவனியுங்கள்.

ஜஅஃபரின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்களைத் துயரம் ஆட்கொண்டுவிட்டது என்று கட்டளையிட்டார்கள். மூன்று நாட்கள் அவர்களைத் துக்கம் அனுசரிக்க விட்டார்கள். பிறகு தாமே அந்த வீட்டுக்குச் சென்று, பிள்ளைகளை அழைத்து, நாவிதரை வரவழைத்து அவர்களின் தலைமுடியை மழித்துவிடச் செய்தார்கள். தாய் அஸ்மா (ரலி) பிள்ளைகள் அனாதையானதைச் சொல்லிக் கவலைப்பட்டபோது, இம்மையிலும் மறுமையிலும் நானே இவர்களுக்குப் பொறுப்பாளன் என்ற கருத்தில் ஆறுதல் சொன்னார்கள்.

சமைக்கத் தெம்பில்லாத வீட்டுக்கு உணவு, அழுகைக்கு அவகாசம், கவனிப்பாரற்ற பிள்ளைகளுக்குப் பராமரிப்பு, நாளைய வாழ்வுக்குப் பொறுப்பு: எதுவும் விடுபடவில்லை.

நாமோ பல ஊர்களில் தலைகீழாக நடக்கிறோம். துயர வீட்டாரே வந்தவர்களுக்குச் சமைத்துப் போடுகிறார்கள். அதற்காகக் கடன் வாங்குவோரும் உண்டு. இது சுன்னத்துக்கு நேர் எதிரானது.

ஸஃப்பில் யாரைக் காணவில்லை?

நபியவர்களின் சபைக்கு ஒருவர் தம் சிறு மகனுடன் வருவார். மகன் இறந்ததும், அந்த நினைவு தாங்காமல் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அவரைக் காணோமே என்று நபியவர்கள் விசாரித்தார்கள். செய்தி அறிந்ததும் அவரைச் சந்தித்து, சொர்க்கத்தின் வாசலில் அந்த மகன் அவருக்காகக் காத்திருப்பான் என்று ஆறுதல் கூறினார்கள். இது நஸாயீயில் பதிவாகியுள்ளது.

உங்கள் பள்ளிவாசலில் உங்களருகே தொழுதவர் பல வாரமாக வரவில்லையா? அமல் குறைந்துவிட்டது என்று பேசுவதற்கு முன், அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

அழுகையைத் தடுக்காதீர்கள்

மகன் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்கள் அழுதார்கள். யூஸுஃபை இழந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போனதாகக் குர்ஆன் கூறுகிறது. அவர்களின் ஈமானில் குறை காண யாருக்குத் துணிவு வரும்? மார்பில் அடித்து ஒப்பாரி வைப்பதைத்தான் மார்க்கம் தடுக்கிறது, கண்ணீரை அல்ல. மாதங்கள் கடந்தும் தூக்கமின்றி, உணவின்றித் தவிப்பவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் நம் நபிதான்.

இன்றே செய்யுங்கள்

உங்கள் மஹல்லாவில் இத்தாவில் இருக்கும் பெண் யார்? அவருக்கு 4 மாதமும் 10 நாளும் கடைக்குப் போய்வருபவர் யார்? தந்தையை இழந்த பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுபவர் யார்? பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! உள்ளம் உடைந்தவர்களுக்கு ஆறுதலைத் தா. அவர்களின் சுமையைச் சுமப்பவர்களாக எங்களை ஆக்கு. ஆமீன்.